பூச்சிக்குப் பிடித்த பூச்சி

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஊரில் சாதாரண தரப் பரீட்சை வரைதான் படித்தேன். அதில் தமிழுக்கு எனக்குக் கிடைத்த புள்ளியை இங்கே சொல்லாமல் விடுவதே தமிழுக்கு நான் செய்யும் மரியாதை. கனடாவுக்கு வந்த பிறகு நான் எழுதியதெல்லாம் விண்ணப்பப் பத்திரங்களில் இருக்கும் கட்டங்களுக்குள்தான். கட்டம் இல்லாத தாளில் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. கோயிலில் ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டால்கூட மனைவியைத் திரும்பிப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே விளங்குகிறது. அதுவும் ஒரு பாம்பின் மேல் ஊர்ந்த சிறு பூச்சிகளைப் பற்றிச் சொல்வதற்காக.

ஆனால் எங்கள் வீட்டில் மூன்று பேரும் இந்தக் கதையை மூன்று விதமாகச் சொல்லித் திரிகிறோம். மனைவி சொல்லும் விதத்தில் நான் ஒரு மடையன். மகள் சொல்லும் விதத்தில் நான் ஒரு பாவம். நடந்தது நடந்தபடி ஒரு தாளில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம். நான் கதவுக் கைபிடிகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். மனைவி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. மகளுக்கு இருபத்து நாலு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்கிறாள். இவர்களைத் தவிர ஒரு மலைப்பாம்பும் இருக்கிறது. மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்குகிற சாமான் என்று நினைக்க வேண்டாம். இது மூன்றரை அடிதான் நீளம். ஆபிரிக்காவைச் சேர்ந்த ஒரு சின்ன இனம். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும்.

"அப்பா மாதிரியே இருக்கு. ஆக்கள் வந்தால் ஒளிச்சிடும்" என்று மகள் அதைக் கொண்டுவந்த அன்றே சொன்னாள்.

அவளோடு படித்த ஒரு பிள்ளை வேறு மாகாணத்துக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது அது. அந்த வருடம் மகளுக்கு நல்ல வருடம் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டிருந்தாள். பனி கொட்டும் மாரி முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்கு வெளியே வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கும். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்; மருந்தும் எடுத்தாள். ஆனால் அவள் காலையில் எழும்பத் தொடங்கியது இந்தப் பாம்புக்குத் தண்ணீர் மாற்றுவதற்காகத்தான். முதலில் அதற்குத் தண்ணீர் மாற்றினாள். பிறகு தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள். பிறகு ஒரு நாள் எனக்கும் ஊற்றினாள். அந்தத் தேத்தண்ணீரில் சீனி போட மறந்திருந்தாள். நான் சொல்லவில்லை.

என் மனைவிக்கும் இது தெரியும். தெரிந்தபடியால்தான் அந்தப் பிராணியை வீட்டுக்குள் விட்டாள். ஆனால் சட்டதிட்டங்களோடு விட்டாள். அது பேஸ்மென்ற் அறையில்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அதற்கு எலி கொடுக்கக் கூடாது. ரொறன்ரோ முழுவதும் தேடினாலும் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத மலைப்பாம்பு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அறைக் கதவில் திருநீறு பூசினாள். விளக்கு வைத்த பிறகு 'பாம்பு' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்றாள். அந்த நேரத்தில் பேரைச் சொன்னால் அது வந்துவிடுமாம். 'பூச்சி' என்றுதான் சொல்ல வேண்டும்.

"அது வந்திட்டுதே அம்மா. பேஸ்மென்றில இருக்கு" என்றாள் மகள்.

"சும்மா இரு. பேரைச் சொன்னால் மேல வரும்."

இந்த நாட்டில் மாரியில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். நாங்கள் மூவரும் வீட்டில் ஒன்றாக இருப்பதே இருட்டிய பிறகுதான். ஆகவே பாம்பைப் பாம்பு என்று சொல்ல எங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. முதல் மாரி முடிவதற்குள் அதன் பெயரே பூச்சி என்றாகிவிட்டது. கோடையில் வெயில் ஒன்பது மணி வரை எரிந்தபோதும் அது பூச்சிதான்.

சட்டங்களில் கடைசியாக மனைவி சொன்னதுதான் முக்கியமானது. "அந்த அறைக்குள்ள இருந்து ஏதாவது ஒரு கரைச்சல் வெளியில வந்துதெண்டால், அடுத்த நாளே அது வெளியில. நான் சொல்லிப்போட்டன்." சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள். மகளைப் பார்த்துச் சொல்ல அவளுக்கும் மனம் வரவில்லை போலும்.

ஆறு வருடங்கள் ஒரு கரைச்சலும் வரவில்லை. வந்த கரைச்சலைக் கொண்டுவந்தது நான்தான்.

போன ஆவணி மாதக் கடைசியில் மகள் என்னை ஒரு பெரிய மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாம்பு, பல்லி, ஆமை வளர்க்கிறவர்கள் கூடி விற்கவும் வாங்கவும் செய்கிற சந்தை அது. அவள் வெப்பம் அளக்கிற ஒரு கருவி பார்க்கப் போய்விட்டாள். நான் கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அதுதான் பிழை. ஒதுங்கி நிற்பதென்றால் விற்கிற மேசைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது.

மேசைக்காரர் பெரிய தாடி வைத்தவர். தோளில் ஒரு ஓணான் இருந்தது. அவர் ஒரு மரத்துண்டைத் தூக்கி என் கையில் வைத்தார். உள்ளே குடைந்து, பாம்பு போய்ப் படுத்திருக்க வசதியாகச் செய்தது. தன் பாம்பு ஒன்று அதற்குள் மிகவும் சந்தோஷமாக இருந்ததென்றும், அது வளர்ந்துவிட்டதால்தான் விற்பதாகவும் சொன்னார். எனக்கு அது வேண்டாம். ஆனால் "வேண்டாம்" என்று சொல்வதற்கு ஒரு முகம் வேண்டுமே. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓணானும் என்னைப் பார்த்தது. வாங்கிவிட்டேன்.

"இது எங்க வாங்கினது? யூஸ்ட் சாமானோ?" என்று மகள் காரில் கேட்டாள்.

"புதுசு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு ஓணானுக்கு முன்னால் வெட்கப்பட்டு வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது. பழைய சாமான் என்றால் அவள் அதைச் சுத்தம் செய்து, பல நாள் தனியே வைத்துப் பார்த்திருப்பாள். புதுசு என்றதும் அன்றே பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

இரண்டு மூன்று கிழமையில் பூச்சி தண்ணீர்க் கோப்பைக்குள் போய்ப் படுக்கத் தொடங்கியது. காலையிலும் கோப்பைக்குள், மாலையிலும் கோப்பைக்குள். வெயில் கூட, பாவம் குளிக்கிறது என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கீழே இருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, தண்ணிக்குள்ள மிளகுத்தூள் போட்டனீங்களோ?"

"பூச்சிக்கு ரசம் வைக்கிற அளவுக்கு நான் இன்னும் போகேல்லைப் பிள்ளை."

போய்ப் பார்த்தேன். தண்ணீரின் அடியில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. மிளகுத்தூள் போலத்தான் இருந்தது. மகள் பாம்பின் தாடையைத் தூக்கிக் காட்டினாள். கண்ணைச் சுற்றி, செதில்களின் இடுக்கில், அங்கேயும் அந்தப் பொட்டுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டு நடந்து போனது.

"தெள்ளு" என்றேன்.

"தெள்ளு எண்டால் என்ன?"

"நாய்க்கு வாறது."

"இது மைற்ஸ் அப்பா. பாம்புக்கு வாறது. இரத்தம் குடிக்கும். கூடினால் அது செத்தும் போகும்."

அவள் குரல் மாறிவிட்டது. சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "அப்ப பூச்சிக்குப் பூச்சி பிடிச்சிருக்கு" என்றேன். சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். எங்கள் தலைக்கு மேல்தான் சமையலறை. மனைவி அங்கே ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாக்குச் சொல்லக் கூடாது" என்றாள் மகள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "சொன்னால் அடுத்த நாளே அனுப்பிப் போடுவா. எனக்கு அது ஏலாதப்பா."

எனக்கும் ஏலாது. அறை வாசலில் ஆறிக் கிடந்த அந்தச் சாப்பாட்டுக் கோப்பைகள் நினைவுக்கு வந்தன. சரி, ஒளித்துச் செய்வோம் என்றேன்.

பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். அந்தப் பெண்மணி பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, அண்மையில் பெட்டிக்குள் ஏதாவது புதிதாக வைத்தீர்களா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த ஆமைப் படத்தைக் கவனமாகப் பார்த்தேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆமையின் ஓட்டில் எத்தனை கட்டங்கள் என்று எண்ணத் தொடங்கினேன்.

காரில் வைத்து ஓணான் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அப்பா, ஒரு 'நோ தாங்ஸ்' சொல்லுறதுக்கு உங்களுக்கு எத்தினை வருஷம் வேணும்?" என்று கேட்டாள். உண்மையில் அதுவும் எனக்குத் தெரியாது.

வைத்தியர் சொன்ன வேலை சின்ன வேலை இல்லை. மரத்துண்டை எறிய வேண்டும். பெட்டிக்குள் கிடந்த மரத்தூள் முழுவதையும் கொட்டி, சுடுதண்ணீரால் கழுவி, வெறும் வெள்ளை கிச்சின் பேப்பரை விரித்து அதில் பாம்பை விட வேண்டும். வெள்ளையில் என்றால்தான் கறுப்புப் பொட்டுத் தெரியும். ஒவ்வொரு நாளும் பேப்பரை மாற்ற வேண்டும். பாம்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற விட வேண்டும். கண்ணைச் சுற்றி ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். அவர் தந்த மருந்தைக் கிழமைக்கொரு தடவை, சொன்ன அளவுக்கு மட்டும். முட்டைகள் எங்கேயாவது இடுக்கில் இருந்து பொரித்துக்கொண்டே இருக்குமாம். இரண்டு கிழமை தொடர்ந்து ஒரு பொட்டும் தெரியாமல் இருந்தால்தான் முடிந்தது என்று நம்பலாம்.

"வேப்பெண்ணெய் பூசினால் என்ன?" என்று நான் வழியில் கேட்டேன்.

"அது மாடில்லை அப்பா" என்றாள்.

காலையில் பேப்பர் மாற்றுவது அவள் வேலை. பின்னேரக் குளிப்பு என் வேலை. நான் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மனைவி வர ஆறு மணியாகும். அதற்கிடையில் பேஸ்மென்ற் பாத்ரூமில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பூச்சியை அதற்குள் வைத்து, மூடியில் போட்ட ஓட்டைகளால் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருப்பேன்.

முதல் இரண்டு நாளும் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள், "சூடு காணுமோ, இன்னும் விடவோ?" என்று கேட்டேன். பிறகு பேச்சு வளர்ந்துவிட்டது. வேலையிடத்து மேற்பார்வையாளருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்களையெல்லாம் பூச்சிக்குச் சொன்னேன். ஓணான்காரருக்கு "வேண்டாம்" சொல்லிப் பழகினேன். தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். பூச்சி தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அதைவிட நன்றாக நான் பேசுவதைக் கேட்ட ஆள் இல்லை. அதற்குக் காது இல்லை என்று மகள் சொன்னாள். அது பொறாமையில் சொன்னது.

நாங்கள் யோசிக்காத ஒன்று கிச்சின் பேப்பர். ஒரு மாதத்துக்கு வாங்கி வைத்த கட்டு பத்து நாளில் முடிந்தது. ஒரு நாள் மனைவி நேரத்தோடு வந்துவிட்டாள். நான் பாத்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது மேல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு வயிறு சரியில்லையோ?"

"கொஞ்சம்" என்றேன்.

"அதுதான் பேப்பர் முழுக்க முடியுது."

அன்றிரவு ஊறவைத்த வெந்தயம் ஒரு கோப்பை வந்தது. அடுத்த நாள் காலையில் ஓமத்தண்ணீர். அதற்கடுத்த நாள் இரண்டும். ஆறு கிழமை குடித்தேன். நல்லாயிருந்த வயிறு நாலாம் நாளே சரியில்லாமல் போய்விட்டது. ஆகவே பொய்யென்றும் சொல்ல முடியாது. மகள் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து, நான் வெந்தயத்தை விழுங்குவதைப் பார்த்துக் கோப்பையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

மனைவி ஒவ்வொரு இரவும் படுக்கப் போகும்முன் படியில் நின்று கீழே பார்த்து, "பூச்சி சாப்பிட்டுதோ?" என்று கேட்பது வழக்கம். பசித்தால் மேலே வந்துவிடும் என்ற பயத்தில்தான் கேட்பதாகச் சொல்வாள். அந்த ஆறு கிழமையும் அப்படித்தான் கேட்டாள். "ஓம்" என்று நான் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குற்றமாக இருக்கும்.

இதற்கிடையில் ஐப்பசி வந்தது. இங்கே உள்ளிப்பூண்டை ஐப்பசியில்தான் நட வேண்டும். நிலம் உறைவதற்கு முதல். பின்வளவில் பாத்தி கொத்தித் தரச் சொல்லி மனைவி இரண்டு சனிக்கிழமை கேட்டாள். இரண்டு சனிக்கிழமையும் நான் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். "வயிறு" என்றேன். அவள் என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

பேப்பரில் பொட்டுகள் குறைந்துகொண்டு வந்தன. முதற் கிழமையில் எண்ண முடியாது. பிறகு இருபது, ஒன்பது, இரண்டு. பிறகு ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நாட்களை மகள் கலண்டரில் சின்னப் புள்ளியாகக் குறித்து வந்தாள். பதினாலாவது புள்ளி ஒரு சனிக்கிழமையில் விழுந்தது. அன்று மகளுக்கும் வேலை, மனைவிக்கும் வேலை. நான் ஒருவன்தான் வீட்டில். காலையில் பேப்பரைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தம். பாம்பின் கண், தாடை, இடுக்கு எல்லாம் பார்த்தேன். சுத்தம்.

மத்தியானம் மகள் ரெலிபோனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார்களே, அப்படி: பூச்சி எப்பிடி?

எனக்குச் சந்தோஷம். ஒரு விரலால் தட்டித் தட்டி, நல்ல தமிழிலேயே பதில் எழுதினேன். "பூச்சி செத்துப் போச்சு. இனி ஒரு பயமும் இல்லை. அம்மாவுக்குச் சொல்லாதை." அனுப்பிவிட்டு, ரெலிபோனை மேலே சார்ஜில் போட்டுவிட்டு, பெட்டியைக் கடைசித் தடவையாகக் கழுவக் கீழே இறங்கிவிட்டேன்.

எழுதினதை ஒருமுறை திரும்ப வாசிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். நான் வாசிக்கவில்லை. எங்கள் வீட்டில் பூச்சி என்றால் ஒரே ஒரு சீவன்தான் என்பதும் எனக்கு நினைவு வரவில்லை. செத்தது ஒன்றா பலதா என்று தமிழும் எனக்காகச் சொல்லிவைக்கவில்லை.

பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது: மகள் அந்தச் செய்தியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கடையின் பின்னறையில் போய் இருந்து அழுதிருக்கிறாள். எனக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள், நான் எடுக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்ததை மதிக்கிற நிலையில் அவள் இல்லை. அம்மாவுக்கே எடுத்துச் சொல்லிவிட்டாள்.

நான் ஒன்றும் அறியாமல் பூச்சியை நன்றாகக் குளிப்பாட்டித் துடைத்தேன். கழுவிய பெட்டி காயும்வரை அதை எங்கே வைப்பது. கொண்டு போய் வருவதென்றால் தலையணை உறைக்குள் விட்டு வாயைக் கட்டலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அலுமாரியில் கைக்கு முதல் பட்ட உறையை எடுத்து அதற்குள் விட்டேன். அது உடனே பந்தாகச் சுருண்டு அசையாமல் இருந்தது.

அப்போதுதான் வெளியே மண் கொத்துகிற சத்தம் கேட்டது. பேஸ்மென்ற் யன்னல் நிலத்தோடு ஒட்டியது. எட்டிப் பார்த்தேன். மனைவியின் வெள்ளை வேலைச் சப்பாத்து இரண்டும் தெரிந்தன. பக்கத்தில் மண்வெட்டி இறங்கி ஏறியது. நேரம் இரண்டு மணி. ஆறு மணிக்கு வர வேண்டியவள்.

உள்ளி, என்று நினைத்தேன். நான் கொத்தித் தரவில்லை என்று வேலையில் சொல்லிவிட்டுத் தானே வந்து கொத்துகிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீமெந்துத் தரையில் பூச்சி குளிர்ந்துவிடும் என்று உறையையும் ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினேன்.

அவள் தலையில் சமையலறையில் போடுகிற மயிர்வலை அப்படியே இருந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பிள்ளை எல்லாம் சொல்லிப் போட்டாள்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

"கோவமோ?"

"இனிக் கோவப்பட்டு என்ன வரப்போகுது? எங்கை அது?"

நான் ஜக்கெற்றைத் திறந்து உறையைக் காட்டினேன். பார்த்தாள்.

"என்ர நல்ல தலையணை உறையோ அது?"

"அவசரத்துக்கு எடுத்திட்டன்."

"பரவாயில்லை. நல்லதிலயே போகட்டும்."

போகட்டும் என்றதும் எனக்கு அந்தக் கடைசிச் சட்டம் ஞாபகம் வந்தது. அடுத்த நாள்கூட இல்லை, இன்றைக்கே வெளியே அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இண்டைக்கேயோ?" என்று கேட்டேன்.

"பின்னை? வைச்சிருந்தால் மணக்கும்."

"மணக்காது. இப்பத்தான் குளிப்பாட்டினனான்."

மண்வெட்டி நின்றது. "குளிப்பாட்டினீங்களோ?"

"ஓம். இளஞ்சுடுதண்ணியில. துடைச்சும் விட்டனான்."

அவள் என்னை ஒரு விதமாகப் பார்த்தாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்தது இரண்டோ மூன்று தடவைதான். "நல்ல வேலை செய்தீங்கள். எனக்கு அது தோணேல்லை" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஆழம் காணுமோ பாருங்கோ."

நான் எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவு ஆழம். "உள்ளிக்கு உவ்வளவு வேண்டாம்" என்றேன்.

"உள்ளிக்கோ?"

அந்த நேரம் பார்த்து என் நெஞ்சுச் சூட்டில் பூச்சி மெல்லச் சுருள் அவிழ்ந்தது. உறையின் ஒரு மூலை எழும்பி அவள் பக்கம் நீண்டது. அவள் கத்தவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே இருந்துவிட்டாள்.

"உது உயிரோட இருக்கு."

"ஓம்."

"பின்னை ஆர் செத்தது?"

"பூச்சி."

"பூச்சி உதுக்குள்ள எல்லோ இருக்கு."

"இது பூச்சி. செத்தது பூச்சிக்குப் பிடிச்ச பூச்சி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் குழியைப் பார்த்தாள். பிறகு உறையைப் பார்த்தாள். பிறகு என்னை. தலையிலிருந்த வலையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"நான் வேலையில செத்தவீடு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். சூப்பர்வைசர் கையைப் பிடிச்சு அனுதாபம் சொன்னவ."

"ஆரெண்டு கேட்டவவோ?"

"கேட்டவ."

"என்ன சொன்னனீர்?"

"சொந்தக்காரர் எண்டன்" என்றாள். "வேற என்ன சொல்லுறது?"

அப்போது மகள் பக்கவாட்டுக் கதவால் வந்தாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்ததில் முகம் வீங்கியிருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழும்பித் தன் இருக்கையைக் கொடுத்தாவாம். குழியைப் பார்த்ததும் மறுபடி வாய் கோணியது. மனைவி என் கையிலிருந்து தலையணை உறையைப் பறித்தாள். ஆறு வருடத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் தூரப் பிடித்துக்கொண்டு போய் மகளிடம் நீட்டினாள்.

"இந்தா. கெதியாப் பிடி. ஆடுது. உன்ர அப்பாக்குத் தமிழ் எழுதத் தெரியாது."

மகள் உறையை அணைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்லத் தெரியவில்லை. நான் நின்ற இடத்தில் நின்றேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று, "வெந்தயத்தை இனி நிப்பாட்டலாம். எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது" என்று மனைவியிடம் சொன்னேன்.

"தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"முதற் கிழமை தொடக்கம். பாத்ரூமுக்குள்ள அரை மணித்தியாலம் கதைக்கிறியள். வயித்தோடயோ கதைக்கிறது? அதுக்கு ஏதோ நோய் எண்டு விளங்கினது."

"தெரிஞ்சுகொண்டே ஆறு கிழமை வெந்தயம் தந்தனீரோ?"

"ஒளிச்சல்லோ செய்தனீங்கள். சும்மா விடுறதோ?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஏன் அம்மா அனுப்பேல்லை? கரைச்சல் வந்தால் அடுத்த நாளே வெளியில எண்டனீங்கள்."

மனைவி மண்வெட்டியை எடுத்து அதில் ஒட்டியிருந்த மண்ணைச் சப்பாத்தால் தட்டினாள். "அடுத்த நாள் எண்டனான். எந்த அடுத்த நாள் எண்டு சொன்னனானோ?" என்றாள். பிறகு, குளிருது, அதை உள்ளே கொண்டு போ என்று மகளை விரட்டினாள். தலையணை உறையைத் தனியாகத் தோய்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மழை பெய்தது. மத்தியானம் விட்டதும் குழிக்குப் பாதி மண் போட்டு நிரப்பிவிட்டு அதில் உள்ளி நட்டோம்.